அரிய பெயரைக் குழந்தைக்குச் சூட்ட விரும்புவோர் ஆராய வேண்டியவை

குழந்தைக்கு வேறெவருக்கும் இல்லாத பெயரைச் சூட்ட வேண்டும் என்ற விருப்பத்தைப் பெற்றோரின் வீண் பெருமை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள்; அது பெற்றோரின் முழு உரிமை, அதைப் பற்றிக் கேள்வி கேட்க எவருக்கும் இடமில்லை என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். இரு தரப்பாரும் அந்தப் பெயரோடு வாழப்போகிறவரை மறந்துவிடுகிறார்கள். பெயரைச் சூட்டுபவர் ஒருவர். அதை நாள்தோறும் சொல்லியும் எழுதியும் விளக்கியும் வாழ்பவர் இன்னொருவர். ஆகவே அரிய பெயர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதைவிட, கையில் இருக்கும் பெயர் எந்த வகையில் அரியது, அந்த அருமை குழந்தைக்கு என்ன வேலை வைக்கும் என்று கேட்பதே பயன் தரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலரே வைத்திருக்கும் பெயரால் குழந்தைக்குத் தீங்கு வருவதில்லை. கேட்டவர் திருப்பிச் சொல்ல முடியாத பெயராலும், சொன்னதைக் கேட்டு எழுத முடியாத பெயராலுமே தொல்லை வருகிறது.

விருப்பத்தின் காரணத்தைக் கண்டறிதல்

பெயர்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன், அரிய பெயரை ஏன் விரும்புகிறோம் என்று பெற்றோர் இருவரும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது நல்லது. வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்ததால் தன் அடையாளம் மங்கியதாக உணர்ந்தவர் ஒருவராக இருக்கலாம். ஒரு மொழியின் மீதோ ஒரு வரலாற்று மனிதரின் மீதோ உள்ள பற்று மற்றவரைத் தூண்டியிருக்கலாம். இவை நல்ல காரணங்கள். பிறர் வியக்க வேண்டும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், அந்த வியப்பு பெயர் அறிவிக்கப்படும் வாரத்தோடு தீர்ந்துவிடும். அதன் பிறகு பெயரில் பெற்றோருக்கு ஆறுதல் தரும் எதுவும் மிஞ்சாது.

ஒரே பெயர் பலருக்கு வந்துவிடும் என்ற அச்சம் முன்பு இருந்த அளவுக்கு இன்று தேவையில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880-ஆம் ஆண்டு முதலான பெயர்க் கணக்கை வெளியிட்டு வருகிறது. 1947-இல் அங்கே பிறந்த பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஐவருக்கு மேற்பட்டோர் லிண்டா என்ற ஒரே பெயரைப் பெற்றார்கள். அண்மை ஆண்டுகளிலோ முதலிடத்தில் நிற்கும் பெயரே நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைச் சுற்றித்தான் இருக்கிறது. இன்று மிகப் பரவலானது என்று கருதப்படும் பெயரும் முந்தைய தலைமுறையின் பரவலான பெயரைவிடப் பன்மடங்கு அரிது. ஆகையால் அருமையைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

தேடலில் இன்னொரு பொறியும் உண்டு. எல்லோரும் தனித்தன்மையைத் தேடும்போது, எல்லோருடைய காதும் ஒரே ஓசையைத்தான் புதியது என்று நம்புகிறது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்கப் பெற்றோர் ஏடன், ஜேடன், பிரேடன், கேடன் என்று தனித்தனியே கண்டெடுத்த பெயர்கள் ஒரே வகுப்பறையில் ஒன்றோடொன்று குழம்பின. தமிழ்க் குழந்தைகளிடையே ‘ஷ்’ என்றும் ‘ஷிகா’ என்றும் முடியும் பெயர்கள் பெருகியதும் இப்படித்தான். எழுத்தளவில் எந்த இரண்டும் ஒன்றல்ல. உரக்க அழைத்தால் நான்கு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். எனவே பட்டியலில் உள்ள பெயரின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அதன் ஈற்றோசை எவ்வளவு பரவியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது

பழைய இலக்கியமும் வரலாறும் என் முதல் பரிந்துரை. அங்கிருந்து எடுக்கும் பெயர் அரியதாகவும் இருக்கும், மொழிக்குள் பிறந்ததாகவும் இருக்கும். முதன்முறை கேட்பவருக்கும் அது பெயர்தான் என்பதில் ஐயம் எழாது. சங்கப் புலவர்களின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இளவெயினி, நன்முல்லை, மாசாத்தி என்று குறைவாகவே புழங்கும், ஆனால் நாவில் எளிதாகப் புரளும் பெயர்கள் கிடைக்கின்றன. வள்ளல்கள், வேளிர்கள் பெயர்களில் ஓரி, நள்ளி, ஆதன் போன்றவை இரண்டு மூன்று எழுத்துகளில் முடிந்துவிடுகின்றன. பழைய பெயர் என்பதாலேயே எல்லாம் பொருந்திவிடும் என்பதில்லை. நச்செள்ளை என்ற புலவர் பெயரில் முன்னொட்டாக நிற்கும் ‘ந’ என்ற எழுத்து சிறப்பைக் குறிப்பது. நக்கீரர் பெயரிலும் அதே எழுத்து இருக்கிறது. ஆனால் இன்றைய செவிக்கு அங்கே நஞ்சு கேட்கிறது. அப்பெயர் பெற்ற குழந்தை இலக்கணம் சொல்லித் தன் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் இத்தகைய பெயரை நான் தவிர்க்கவே சொல்வேன். அதற்கு மாறாக, எழினி என்பது பழம்பாடல்களில் ஆண் தலைவர்களின் பெயர். இன்று பெண் குழந்தைகளுக்கும் சூட்டப்படுகிறது. காலத்தோடு பால் மாறிய பெயரால் யாருக்கும் இடர் இல்லை. பெற்றோர் அந்த வரலாற்றை அறிந்திருந்தால் போதும்.

பிறமொழிப் பெயரை எடுப்பவர்கள் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். இதை எப்படி ஒலிப்பீர்கள், இந்தப் பெயரைக் கேட்டால் எந்த வயதுக்காரர் உங்கள் நினைவுக்கு வருகிறார், இதைச் சொன்னால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்களா என்பவையே அவை. அகராதி முதல் கேள்விக்கு ஓரளவு விடை தரும். மற்ற இரண்டுக்கும் தராது.

புதிதாக ஆக்கப்படும் பெயர்களில் பொருள்தான் பெரிய சிக்கல். இணையப் பட்டியல்களில் பொருளே இல்லாத ஓசைக்கோவைகளுக்கு ‘இறைவனின் பரிசு’ என்றும் ‘வெற்றியாளன்’ என்றும் துணிந்து பொருள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பட்டியலில் இருப்பதை அடுத்த பட்டியல் படியெடுப்பதால், பத்து இடங்களில் ஒரே பொருள் காணப்படுவது சான்றாகிவிடாது. தமிழ்ச் சொல் என்று சொல்லப்படுவதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தேடிப் பார்க்கலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்த அகராதி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது, இணையத்திலும் தேடலாம். வடசொல் என்று சொல்லப்படுவதற்கு 1899-ஆம் ஆண்டின் மோனியர் வில்லியம்ஸ் அகராதி இருக்கிறது. இரண்டிலும் கிடைக்காத பெயரை விரும்பினால் தாராளமாக வைக்கலாம். ஆனால் இல்லாத பொருளைக் கற்பித்துக் குழந்தையிடம் சொல்லக் கூடாது. நாங்களே ஆக்கிய பெயர், ஓசை பிடித்ததால் வைத்தோம் என்ற உண்மை போதுமான விளக்கம். எண்கணிதப் பலனுக்காக ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஓசையை மாற்றாத ஒவ்வோர் எழுத்தும் படிவங்களில் தவறாக எழுதப்படுவதற்கான வாய்ப்பை மட்டுமே கூட்டுகிறது.

கதைமாந்தர் பெயரை எடுப்போர் கதை முடியும்வரை பொறுப்பது நல்லது. 2018-இல் அமெரிக்காவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண் குழந்தைகளுக்குக் கலீசி என்று பெயரிட்டார்கள். அது ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகிக்குரிய பட்டம். அடுத்த ஆண்டு வந்த இறுதிப் பகுதியில் அந்த நாயகி ஒரு நகரத்தையே மக்களோடு எரித்தழித்தாள். நிறுவனங்கள் பின்னர் எடுத்துக்கொள்ளும் பெயரை யாராலும் முன்கூட்டி அறிய முடியாது. 2014-இல் அமேசான் தன் குரல் உதவிக் கருவிக்கு அலெக்சா என்று பெயரிட்ட சில ஆண்டுகளில் அந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு வைப்பது அமெரிக்காவில் வெகுவாகக் குறைந்தது. அத்தகைய நிகழ்வுக்காகப் பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே விற்பனைப் பொருளாக உள்ள பெயரை அறிந்தே வைப்பதுதான் தவறு.

சொல்லியும் எழுதியும் பார்த்தல்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்ய வேண்டும். பட்டியல் ஐந்தாறு பெயர்களாகச் சுருங்கியதும், அவற்றை இதுவரை கேட்டிராத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு முறை மட்டும் சொல்லி, திருப்பிச் சொல்லுமாறும் எழுதிக் காட்டுமாறும் கேட்க வேண்டும். ஒரே தடவையில் சரியாக எழுதப்பட்ட பெயர் எவ்வளவு அரியதாயினும் பாதுகாப்பானது. இரண்டாம் முறை சொன்ன பின் சரியானால் கவலையில்லை. மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால், குழந்தை வாழ்நாள் முழுவதும் எழுத்தெழுத்தாகத் தன் பெயரைச் சொல்லப்போகிறது என்று பொருள்.

ழகரம், றகரம், நெட்டெழுத்துகள் ஆகியவை ஆங்கில எழுத்துக்குப் போகும்போது என்ன ஆகின்றன என்பதைத் தனியே பார்க்க வேண்டும். யாழினி என்பதை இசட், எச் சேர்த்து எழுதினால் அந்த முறை அறியாதவர் அதை வேறு ஒலியோடு படிக்கிறார். எல் எழுத்தைக் கொண்டு எழுதினால் யாலினி என்று படிக்கிறார். இதற்காக ழகரப் பெயர்களையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெயரில் ஒரு விளக்கம் தேவைப்படுவதை எந்தக் குழந்தையும் தாங்கும். ஆனால் ஒரே பெயரில் ழகரமும் நெடிலும் இரட்டிக்கும் ஒற்றும் சேர்ந்து மூன்று விளக்கங்கள் தேவைப்பட்டால் குட்டையான வடிவத்தை நாடலாம். எந்த எழுத்துமுறையைத் தேர்ந்தாலும் முதல் ஆவணத்தில் எழுதியதையே எல்லா ஆவணங்களிலும் எழுத வேண்டும்.

நீளத்துக்கு ஓர் உறுதியான எல்லை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் படமும் பெயரும் உள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிப்படி ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். அவற்றில் முழுப் பெயருக்குக் கிடைப்பவை 39. குடும்பப் பெயரும் பெயர்களுக்கிடையே வரும் நிரப்புக் குறிகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளைத் தவிர, மேற்புள்ளி கொண்ட எழுத்தோ மேற்கோள் குறியோ பெயருக்குரிய இடத்தில் வராது. அடங்காத பெயர் வெட்டப்படும். வெட்டப்பட்ட வடிவம் முழு வடிவத்தோடு ஒத்துப்போகாதபோது விளக்கம் சொல்ல வேண்டியவர் பெயருக்குரியவர்தான்.

அதன் பின் பெயரை அதன் எல்லா வயதிலும் வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தையை அழைப்பதுபோல் சொல்லிப் பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள். நாற்பது வயதில் ஒரு மருத்துவராகவோ நீதிபதியாகவோ தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் குரலில் சொல்லிப் பார்ப்பதைச் சிலரே செய்கிறார்கள். மழலைக்குப் பொருந்தும் செல்லச் சொல் அங்கே தடுமாறுவதை அப்போது காது கண்டுகொள்ளும். குடும்பப் பெயரோடும் முதலெழுத்துகளோடும் சேர்த்து எழுதி, சுருக்கமாக வரும் எழுத்துகள் விரும்பத்தகாத சொல்லாகின்றனவா என்று பார்ப்பதும், இணையத்தில் தேடி அந்தப் பெயரில் கொடுஞ்செயலுக்குப் பேர்போனவர் எவரும் இல்லை என்று உறுதிசெய்வதும் சில நிமிட வேலைகள்.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, பிறந்தது முதல் பெயர் பெறுவதைக் குழந்தையின் உரிமையாகக் கூறுகிறது. அந்தப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன; வேறு நாட்டில் பிள்ளை பெறுவோர் பதிவுக்கு முன் அந்நாட்டு விதியைப் படித்துவிட வேண்டும். ஐஸ்லாந்தில் 1991 முதல் ஒரு பெயர்க் குழு இயங்குகிறது. புதிய பெயர் அந்த மொழியின் வேற்றுமை உருபுகளை ஏற்க வேண்டும், வைத்திருப்பவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்று அது பார்க்கிறது. நியூசிலாந்தில் பதவியைக் குறிக்கும் பெயர்கள், இழிவான பெயர்கள், 70 எழுத்துக்குறிகளைத் தாண்டும் பெயர்கள் ஏற்கப்படுவதில்லை. பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டிப் பெயர்களுக்கும் பண்டை வரலாற்று மாந்தர் பெயர்களுக்கும் மட்டுமே இடம் தந்தது; 1993-இல் பெற்றோருக்குச் சுதந்திரம் கிடைத்தது, ஆயினும் குழந்தைக்குக் கேடு என்று பதிவாளர் கருதினால் வழக்கு நீதிமன்றம் செல்லும். நுட்டெல்லா என்று பெயரிடப்பட்ட குழந்தையை அங்கே ஒரு நீதிபதி எல்லா என்று மாற்றினார். கலிபோர்னியாவில் 2020-இல் தொழிலதிபர் எலான் மஸ்க்கும் பாடகி கிரைம்ஸும் தம் மகனின் பெயரில் 12 என்ற எண்ணைச் சேர்த்திருந்தார்கள். அம்மாநிலப் பதிவு எண்களை ஏற்காததால் அதை ரோமன் எண்போல் தோன்றும் எழுத்துகளாக மாற்றிக்கொண்டார்கள். ஜப்பானில் 1993-இல் பிசாசு என்று பொருள்படும் பெயர் பெரிய நீதிமன்ற வழக்கானது. 2025 மே முதல், பெயரை எழுதும் சித்திர எழுத்துக்குத் தரப்படும் ஒலிப்பு பொதுவாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே நடைமுறைக்கு வந்துள்ளது.

இந்த வழக்குகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டத்தின் சரியான எல்லை விளங்கும் என்பது என் எண்ணம். 2008-இல் நியூசிலாந்தில், முழு வாக்கியம் ஒன்றையே பெயராகப் பெற்றிருந்த ஒன்பது வயதுச் சிறுமி, தன் பெயரைத் தோழிகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்து வந்தாள். பெயரை மாற்றுவதற்காகவே நீதிமன்றம் அவளைத் தற்காலிகமாகத் தன் காப்பில் எடுத்துக்கொண்டது. 2013-இல் ஐஸ்லாந்தில், இளங்காற்று என்று பொருள்படும் பெயரைக் கொண்ட 15 வயதுச் சிறுமியின் வழக்கு வந்தது. அது ஆண்பாற்சொல் என்பதால் அரசு ஆவணங்கள் அவளை வெறுமனே ‘சிறுமி’ என்றே குறித்து வந்தன. அந்தப் பெயர் அவளுக்கே உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் சிறுமி பெயரிலிருந்து விடுதலை கேட்டாள், இரண்டாமவள் பெயரைக் கேட்டாள். இரண்டு நீதிமன்றங்களும் பெயருக்குரியவரின் பக்கம் நின்றன. பெற்றோரும் அந்த இடத்தில் நின்று யோசிக்க முடியும்.

பிறர் கருத்தை எடைபோடுதல்

பெயரை முடிவு செய்வதற்கு முன் யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதில் பெற்றோர் தடுமாறுகிறார்கள். எல்லோரிடமும் கேட்டால் எந்தப் பெயரும் தேறாது. வரும் கருத்துகளில் தகவலையும் ரசனையையும் பிரித்துவிட வேண்டும். ‘இப்படியொரு பெயரைக் கேட்டதே இல்லை’ என்பது ரசனை. அரிய பெயரைத் தேடியவருக்கு அது எதிர்ப்பே ஆகாது. ‘இந்த மொழியில் அது வசைச்சொல்’ என்பதோ ‘இப்படி அழைத்தால் பிள்ளைகள் இன்னவாறு திரித்துக் கேலி செய்வார்கள்’ என்பதோ தகவல். சொல்பவர் யாராயினும் கவனமாகக் கேட்க வேண்டும். குறிப்பாக ஆசிரியர்களும் பத்து வயதுப் பிள்ளைகளும் பெயரைத் திரிக்கும் வழிகளைப் பெற்றோரைவிட விரைவாகக் கண்டுபிடிப்பார்கள். பெயர் பதிவான பின் எதிர்ப்பைச் சொல்ல வருபவர்களிடம் விவாதம் வேண்டாம். நன்றி சொல்லிவிட்டுக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும்.

ஒரு கருத்தை மட்டும் நீண்டு ஆராய வேண்டும்: வித்தியாசமான பெயர் வேலைவாய்ப்பைக் கெடுக்கும் என்பது. இதற்குச் சான்றாகப் பலர் சுட்டுவது பொருளியல் ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள்; தகுதி ஒன்றாக இருந்தும், வெள்ளையருக்குரியதாகக் கருதப்படும் பெயர்களுக்குக் கறுப்பினத்தவருக்குரியதாகக் கருதப்படும் பெயர்களைவிட ஐம்பது விழுக்காடு கூடுதலாக அழைப்புகள் வந்தன. இந்த ஆய்வு அளந்தது பெயரின் அருமையை அன்று, பெயர் வழியாக வெளிப்படும் இனப்பாகுபாட்டை. அந்தக் குற்றம் விண்ணப்பத்தைப் படித்தவருடையது. தம் மொழியையும் மக்களையும் காட்டும் பெயரை இதற்காக ஒரு குடும்பம் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொருளற்ற எழுத்துக்கோவையைச் சூட்டிவிட்டு அதே உரிமையைக் கோருவது வேறு செய்தி. அங்கே காக்க வேண்டிய மரபு எதுவும் இல்லை.

முடிவெடுத்துப் பதிவு செய்தல்

இருவரும் ஏற்காத பெயரைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டாம். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுவது, பெரும்பாலான சண்டைகளைத் தவிர்க்கும். எஞ்சியவற்றில் ஒன்றை ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும் புழங்கிப் பார்த்து, அடுத்த வாரம் இன்னொன்றைப் புழங்கலாம். எந்தப் பெயர் நினைக்காமலே நாவில் வருகிறதோ அதுவே பெரும்பாலும் சரியானது. இன்னும் தயக்கம் இருந்தால், அரிய பெயரோடு பரவலான இரண்டாம் பெயரைச் சேர்த்துப் பதிவு செய்வது நல்ல ஏற்பாடு. வளர்ந்த பிள்ளை எதை முன்னிறுத்துவது என்று தானே முடிவு செய்யும்.

காலக்கெடு பல நாடுகளில் பெற்றோர் நினைப்பதைவிடத் தாராளமானது. இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயரின்றியே பதிவு செய்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 42 நாட்களுக்குள் பதிவு. முதற்பெயரை 12 மாதங்களுக்குள் ஒரு முறை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆகவே அவசரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் இருவரும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். அரிய பெயரில் நேரும் எழுத்துப்பிழை பதிவாளர் கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது.

குழந்தை வளர்ந்து தன் பெயரை மாற்ற விரும்பினால், அதைப் பெற்றோரின் அன்புக்கு எதிரான செயலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் பள்ளியிலும் நண்பர்களிடமும் புதிய பெயரைப் பேச்சளவில் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்க்க விடலாம். விருப்பம் நிலைத்தால், பொதுத்தேர்வுச் சான்றிதழ் வருவதற்கு முன்பே சட்டப்படி மாற்றி முடிப்பது நல்லது. அதன் பிறகு பல்கலைக்கழகம், வங்கி, பாஸ்போர்ட் என ஒவ்வோர் ஆவணத்தையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.